அஞ்சாவது ஊருக்கு மணல் போன கதை

நான் நாலு அறிக்கை எழுதினேன். தெரிஞ்சு எழுதின பொய் நாலுலயும் ஒண்ணு கிடையாது. அந்த நாலும் சேர்ந்து ஒரு மீனவ ஊரைக் கடலுக்குள்ள தள்ளப் பாத்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்து உக்காந்திருக்கேன். ரிட்டயர் ஆன மனுசன் வாயைத் திறந்தா மூட மாட்டானேன்னு உங்க மூஞ்சி எல்லாம் சொல்லுது. பயப்படாதீங்க, புதுசா அறிக்கை எழுத வந்திருக்கிற தம்பிங்களா, தங்கச்சிங்களா. ஒரே ஒரு கதைதான். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடுவேன்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்.

எனக்கு ஊர் லெப்பைக்குடிக்காடு. எங்க வூட்டுல ஆம்பளையாப் பொறந்தா மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் எடுத்துடுவாங்க. அண்ணன்மார் மூணு பேரும் துபாய், சவூதின்னு போயிட்டாங்க. நான் மட்டும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஒரு மாடியில, குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுற ஆபீஸ்ல உக்காந்துட்டேன். "அங்க போனா வெறும் மணலும்மா, இங்க கல்லாச்சும் இருக்கு"ன்னு எங்க அம்மாகிட்ட சமாளிச்சேன். கடைசியில எனக்கும் மணல்தான் எழுதியிருந்துச்சு.

குவாரிக்கு அறிக்கை எப்படி எழுதுவோம்னு உங்களுக்கே தெரியும். வரைபடத்துல குவாரி மேல காம்பஸை ஊனி, அரைக் கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். அதுக்குள்ள வீடு இருக்கா, கிணறு இருக்கா, வேற குவாரி இருக்கா? இருந்தா எழுதணும். வட்டத்துக்கு வெளியில தாஜ்மஹாலே இருந்தாலும் நமக்குச் சம்பந்தம் இல்ல. கல்லுக்கு அது ஓரளவு சரிதான். வெடி வச்சா அதிர்ச்சி நாலு பக்கமும் போகும். தூசி கொஞ்ச தூரம் பறந்து விழுந்துடும்.

பெரம்பலூர் கருங்கல் கடலுக்குப் போக ஆரம்பிச்சப்பத்தான் வினை புடிச்சுச்சு. ஒரு மீனவ ஊர்ல கடல் கரையை அரிக்குது, தூண்டில் வளைவு போடணும்னு முடிவாச்சு. தூண்டில் வளைவுன்னா ஒண்ணுமில்ல, கரையிலேருந்து கடலுக்குள்ள நீட்டமா கல்லைக் கொட்டிக் கட்டுற சுவர். கல் நம்ம பக்கத்துக் கல். குவாரிக்கு எழுதுறவங்களே கடலுக்கும் எழுதிக் குடுத்துடுங்கன்னு அதிகாரிங்க சொல்லிட்டாங்க. எங்க முதலாளியை நாங்க சார்னுதான் கூப்பிடுவோம். அவர், "கல்லு நம்ம கல்லு, காம்பஸ் நம்ம காம்பஸ், எழுதுப்பா"ன்னார். கடற்கரையில அதே அரைக் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள்ள பாதிப்பு ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன். சொன்ன மாதிரியே கல்லு விழுந்ததும் அந்த ஊர்ல கரை அகலமாச்சு. எனக்குச் சால்வை எல்லாம் போட்டாங்க. வூட்டுக்குக் கொண்டாந்து பீரோவுல மாட்டினேன்.

கொஞ்ச நாள்ல அதுக்கு வடக்கே இருக்கிற ரெண்டாவது ஊர்க்காரங்க வந்தாங்க. எங்க ஊர்லயும் கடல் அரிக்குது, எங்களுக்கும் கல்லு வேணும்னாங்க. என் வட்டத்துக்குச் சித்த வெளியில இருக்கிற ஊர் அது. முதல் பக்கத்துல 'இயற்கையான கடலரிப்பு காரணமாக'ன்னு ஆரம்பிச்சு எழுதிக் குடுத்தேன். அங்கயும் கல். அப்புறம் அதுக்கு வடக்கே மூணாவது ஊர். அதுக்கும் வடக்கே நாலாவது. 'இயற்கையான கடலரிப்பு'ங்கிற வரியை நான் திரும்ப டைப் அடிக்கக்கூட இல்ல. பழைய ஃபைலைத் திறந்து ஊர்ப் பேரை மட்டும் மாத்தினேன். சிரிக்காதீங்க. நீங்களும் அதைத்தான் செய்றீங்கன்னு எனக்குத் தெரியும்.

அஞ்சாவது ஊருக்கும் அறிக்கை ரெடி ஆச்சு. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமை அதிகாரிங்க முன்னாடி வைக்கணும். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, புரட்டாசி மாசம், மத்தியான நேரத்துக்கு ஒரு வேன் வந்து கீழ நின்னுச்சு. அஞ்சாவது ஊர்க்காரங்க, ஆம்பளையும் பொம்பளையுமா பத்துப் பதினஞ்சு பேர் திபுதிபுன்னு மாடி ஏறி வந்தாங்க. எல்லார் நெத்தியிலயும் குங்குமம். சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறக்கும்? அம்மனைப் பாத்துட்டு அப்படியே பாயையும் ஒரு எட்டு பாத்துடுவோம்னு வந்திருக்காங்க.

முன்னாடி நின்னது அஞ்சலைன்னு ஒரு அம்மா. மீன் விக்கிறவங்க. ஏலத்துல எதிராளி வாயைத் திறக்கறதுக்குள்ள கூடையைத் தூக்கிட்டுப் போற ஆளுன்னு குரலைக் கேட்டாலே தெரிஞ்சுடும். கடலுக்கும் அவங்க வூட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு தென்னமரம்தான் மிச்சமாம். போட்டை இழுத்துப் போடக்கூட கரை இல்லையாம்.

"போன மழைக்குப் பின் சொவரு போச்சு பாய். இந்த ஐப்பசிக்கு முன் சொவரும் போயிடும். அப்புறம் கதவு மட்டும்தான் நிக்கும். நான் கதவைத் தொறந்து எங்க போறது, கடலுக்குள்ளயா? சீக்கிரம் எழுதிக் குடுங்க. மழைக்கு முன்னாடி எங்களுக்கும் கல்லு விழுவணும்."

"முடிஞ்சுடுச்சுக்கா. கையெழுத்துதான் பாக்கி. இப்ப ஜும்ஆவுக்கு நேரமாச்சு, தொழுதுட்டு வந்து உங்க முன்னாடியே போட்டுடுறேன். நீங்க சாப்பிட்டுட்டு இருங்க"ன்னேன். வேன்ல புளிசோறு கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. எங்க ஆபீஸ்ல நாற்காலி மொத்தமே நாலு. டைப்பிஸ்ட் சுமதி பீரோவைத் திறந்து, பழைய அறிக்கைக்காக, கல்லு விழுந்தப்புறம் கரையை அளந்து போட்ட பெரிய பெரிய வரைபடத் தாளை எல்லாம் எடுத்துத் தரையில விரிக்கக் குடுத்துச்சு. வேண்டாத தாளை விரிச்சு உக்காந்து சாப்பிடுறது எங்க ஆபீஸ்ல வழக்கம்தான். நான் பள்ளிவாசலுக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து வாசல்ல செருப்பைக் கழட்டினவன் அப்படியே நின்னுட்டேன்.

அஞ்சலையம்மா தாளை எல்லாம் வரிசையா அடுக்கி விரிச்சிருந்தாங்க. "இங்க பாருங்க பாய், எங்க கடக்கரை பூரா உங்க ஆபீசுத் தரையில கெடக்கு! கோயிலு, மொவத்துவாரம் எல்லாம் வரைஞ்சு வச்சிருக்கீங்க. நாந்தான் ஊரு வரிசைப்படி போட்டேன், தெக்கேருந்து வடக்கே"ன்னு பெருமையாச் சொன்னாங்க. அவங்க வூட்டுக்காரர் மூணாவது ஊர் மேல சம்மணம் போட்டு உக்காந்து அப்பளம் நொறுக்கிட்டு இருந்தார்.

நாலு தாளும் ஓரத்தோட ஓரம் ஒட்டிக் கிடந்துச்சு. நாலு வட்டம். ஒரு வட்டமும் இன்னொண்ணைத் தொடல. ஒவ்வொரு கல்லுக்கும் தெக்கே கரை வயிறு மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்கு. வடக்கே கடிச்சு எடுத்த மாதிரி உள்ள போயிருக்கு. முதல் கல்லுக்கு வடக்கே கடிச்ச கடி எங்க வந்து முடியுதுன்னா, ரெண்டாவது ஊர்ல. ரெண்டாவது கல்லோட கடி மூணாவது ஊர்ல. நான் 'இயற்கையான கடலரிப்பு'ன்னு எழுதினது எல்லாம் அதுக்கு முந்தின அறிக்கை செஞ்ச வேலை!

நம்ம கடக்கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை மணலைத் தெக்கேருந்து வடக்கே நகத்திக்கிட்டே போகும். குறுக்கே கல்லைப் போட்டா தெக்கே சேரும், வடக்கே வராது. இது உனக்குத் தெரியாதாய்யான்னு கேட்டா, தெரியும். படிச்சிருக்கேன், பரீட்சையும் எழுதியிருக்கேன். ஆனா ஒவ்வொரு தாளையும் தனித்தனியா மேஜை மேல வச்சுப் பாத்த எனக்கு அது உறைக்கவே இல்ல.

மெதுவாக் கேட்டேன். "அக்கா, உங்க ஊருக்கு வடக்கே எந்த ஊரு?"

"ஏன், எம் மவளக் கட்டிக் குடுத்த ஊருதான். போன தையிலதான் கல்யாணம்."

"அங்க கரை எப்படி இருக்கு?"

"ஜம்முனு அகலமா இருக்கு. அதப் பாத்துத்தானே பொண்ணு குடுத்தேன்!" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கையெழுத்தைப் போட்டா இந்த அம்மாவோட வூடு தப்பும். என்னையும் கும்பிட்டுட்டுப் போவாங்க. வடக்கே மகள் ஊருக்குக் கடல் போறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், அப்பவும் 'இயற்கையான கடலரிப்பு'ன்னு எழுத என்கிட்ட ஃபைல் ரெடியா இருக்கு. வாயைத் திறந்தா முந்தின நாலும் தப்புன்னு ஒத்துக்கணும். நிஜமாச் சொல்றேன், வாயை மூடிக்கலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்.

நேரா சார் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். மனுசன் குதிச்சார். "இப்பவாய்யா தெரிஞ்சுச்சு உனக்கு? நாலும் தப்புன்னு எழுதினா நாளைக்கு எவன்யா நம்ம படி ஏறுவான்?"

"எழுதலைன்னா ஆறாவது ஊர்க்காரங்க ஏறுவாங்களே சார், வேன் எடுத்துக்கிட்டு."

என்னை முறைச்சார். அப்புறம் எழுந்து வெளியில வந்து, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, முட்டி போட்டு அந்தத் தாளை எல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்தார். சோத்துப் பருக்கையைத் தள்ளித் தள்ளிப் பாத்தார். எழுந்திரிச்சு, "நீயே சொல்லு அவங்ககிட்ட. நான் பக்கத்துல நிக்கிறேன்"னார். அந்த ஒத்தை வார்த்தைக்காகவே அந்த மனுசனை நான் இன்னைக்கும் தொழுதுட்டுக் கேக்குற துஆவுல சேத்துக்குறேன்.

சொன்னேன். கல்லு எப்படி மணலை மறிக்குது, உங்க ஊர் ஏன் கரையுது, உங்க ஊர்ல கல்லு போட்டா அடுத்து யாரு. தாளைக் காட்டிக் காட்டிச் சொல்லி முடிச்சேன். அஞ்சலையம்மா கையில புளிசோறு அப்படியே நின்னுச்சு.

"அப்ப கடலம்மா பண்ணல. நீங்க பண்ணீங்க."

"ஆமாங்க்கா."

"அடப்பாவி பாய்! பின் சொவரு விழுந்த அன்னிக்கு நான் கடலம்மாவத் திட்டாத திட்டு இல்ல. காறித் துப்பினேனே அவ மூஞ்சில!"

அவங்க வூட்டுக்காரர் அப்பளத்தை வச்சுட்டு, "அது சரிடி, மவ ஊருக்குக் கடலு போவ இன்னும் ரெண்டு வருசம் ஆவும்ல? அதுக்குள்ள அவங்களும் ஒரு கல்லு வாங்கிக்கட்டும்"னார். ரெண்டு மூணு பேர் தலையாட்டினாங்க. அவர் மேல எனக்குக் கோவம் வரல. நாலு ஊரும் அதைத்தான் நினைச்சுச்சு, நானும் அதைத்தான் எழுதினேன்.

"பேசாம சோத்தத் தின்னு"ன்னு அவரை ஒரு அதட்டு அதட்டிட்டு அந்தம்மா என் பக்கம் திரும்பினாங்க. கண்ணு கலங்கிடுச்சு. "கல்லு போட்டா எம் மவ வூடு போவும். போடாட்டி எம் வூடு போவும். நான் என்னதான் பண்றது? சிக்கலு போட்டது நீங்க. நீங்களே அவுத்து வுடுங்க."

ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியும். நாலாவது ஊர்க் கல்லுக்குத் தெக்கே மலையாக் குமிஞ்சு கிடக்கிற மணலை லாரியில அள்ளிட்டு வந்து அஞ்சாவது ஊர்ல கொட்டணும். வருஷா வருஷம் கொட்டணும். ஆனா அதுக்கு நாலாவது ஊர் சம்மதிக்கணுமே. கல்லு போட்டு வந்த மணல், யாரு விடுவா? ஆபீசர் போய்க் கேட்டா வலையைக் குறுக்கே கட்டி மறிச்சுடுவாங்க. இதை எல்லாம் இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"நாலாவது ஊரா?" அந்தம்மா கையைக் கழுவிட்டு முந்தானையில துடைச்சாங்க. "அது என் பொறந்த வூடுல்ல."

அங்கயே போனைப் போட்டாங்க. ஸ்பீக்கர்ல போட்டாங்க. எடுத்தது அவங்க அண்ணன், அந்த ஊர்ப் பஞ்சாயத்துல முக்கியமான ஆளு.

"அண்ணே, இந்த வருசம் தீவாளிச் சீரு என்ன செய்யப் போற?"

"என்ன அஞ்சலை திடீர்னு? வழக்கம்போல பொடவைதான்."

"பொடவை வேணாம். மணலு குடு."

"என்னாது?"

"மணலுண்ணே. உங்க ஊரு கல்லுக்குத் தெக்கே குமிஞ்சு கெடக்குல்ல, அது. தீவாளிக்கும் வேணாம், இப்பவே வேணும். தீவாளிக்கு வூடு இருக்காது."

"ஏய், அது ஊரு மணலு. நான் ஒருத்தன் எப்புடிக் குடுக்க?"

"அப்ப ஊரக் கூட்டிக் கேளு. எங் கல்யாணத்துக்கு நீ குடுத்த பீரோ, கட்டிலு எல்லாத்தையும் கடலு தூக்கிட்டுப் போச்சு. நான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதுண்டா? இன்னிக்குப் பொறந்தவ கேக்குறேன். இல்லன்னு சொல்லிட்டு நீ ஊருக்குள்ள தலை நிமுந்து நடந்துடு, பாத்துடுறேன்."

 அண்ணன்காரர் குரலை இறக்கினார். "உள்ளதச் சொல்லணும்னா, அந்த மணலு மொவத்துவாரத்த அடைச்சுக்கிட்டு எங்க உசுர எடுக்குது. போட்டு வெளிய போவ முடியல, ரெண்டு போட்டு கவுந்துடுச்சு. அள்ளிட்டுப் போனா எங்களுக்கும் புண்ணியம்தான். யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல."

எனக்குப் பளார்னு அறை வாங்கின மாதிரி இருந்துச்சு. அந்த ஊருக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன்! கரை அகலமாச்சான்னு கேட்டேன், ஆச்சுன்னாங்க, சந்தோஷமா எழுதிக்கிட்டு வந்துட்டேன். அகலமான கரை அவங்களை என்ன பண்ணுதுன்னு கேக்கவே இல்ல. இனிமே நீங்க வேலைக்குப் போற இடத்துல நஷ்டப்பட்டவனை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. லாபம்னு சிரிக்கிறவன் வூட்டுலயும் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே அஞ்சாவது அறிக்கையோட முதல் பக்கத்தைக் கிழிச்சேன். 'இந்த ஊரின் கடலரிப்பு இயற்கையானது அல்ல. எங்களுடைய முந்தைய நான்கு அறிக்கைகளும் ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகப் பார்த்ததன் விளைவு' அப்படின்னு எழுதி, கல்லு வேண்டாம், மணல் வேணும்னு முடிச்சேன். கையெழுத்தும் போட்டேன். சார் பேனாவைப் பிடுங்கி எனக்குக் கீழ அவரும் போட்டார். "வாங்கப் போற திட்டை ஒத்தை ஆளா வாங்காத, ரெண்டு பேரா வாங்குவோம்"னார். திங்கக்கிழமை அப்படியே ஆச்சு. ஒரு மணி நேரம் நிக்க வச்சுத் திட்டினாங்க. வெளியில வந்ததும் சார், "பசிக்குதுய்யா"ன்னு என்னை இழுத்துட்டுப் போய் ரெண்டு பரோட்டா கூடவே தின்னார். சில பேர் எங்களுக்கு வேலை குடுக்கறதை நிறுத்திட்டாங்க. அது உண்மைதான்.

மணல் அள்ள அனுமதி வாங்க நான் ஏறி இறங்கின படியை எல்லாம் சொன்னா உங்களுக்கு முட்டி வலிக்கும், விடுங்க. எப்படியோ ஐப்பசிக்கு முன்னாடி வேலை ஆரம்பிச்சுச்சு. கல்லு ஏத்திட்டுப் போன அதே பெரம்பலூர் லாரிங்கதான் மணலும் ஏத்துச்சு. முதல் லாரிக்கு முன்னாடி நாலாவது ஊர்ப் பொம்பளைங்க தாம்பாளத்துல மஞ்சள், குங்குமம், பூ, வெத்தலை எல்லாம் வச்சு நடந்து வந்தாங்க. சீர்னா சீர்தான்! நான் அதைப் போட்டோ எடுத்து அறிக்கையோட இணைச்சேன். இதுல வெத்தலை எதுக்குய்யான்னு ஒரு அதிகாரி என்னைக் கேட்டார். அந்த மழைக்கு அஞ்சலையம்மாவோட முன் சுவர் நின்னுச்சு.

இதோட முடிஞ்சுச்சுன்னு நினைச்சேன். முடியல.

அடுத்த வைகாசி. அரியலூர்ல சுண்ணாம்புக்கல் குவாரி ஒண்ணுக்கு அறிக்கை. கொளுத்துற வெயில். அப்பல்லாம் நான் ஒத்தை வரைபடத்தோட போறதில்ல. சுத்தியிருக்கிற அத்தனை குவாரியோட தாளையும் கொண்டு போய் ஜீப் மூக்கு மேல ஒட்டுக்கா விரிச்சுப் பாக்கற பழக்கம் வந்துடுச்சு. ஒரு லாரித் தூசி ஒண்ணுமில்லதான், அத்தனை லாரியும் ஒரே பள்ளிக்கூட வாசல் வழியாப் போகுதான்னு பாக்கணும்ல? அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறப்ப போன் அடிச்சுச்சு.

"பாய், மணலு போவுது." அஞ்சலையம்மா. பின்னால ஒரே கூச்சல்.

"போகும்க்கா, சொன்னேன்ல. தென்காத்து அடிக்குது. அதுக்குத்தானே வருஷா வருஷம் கொட்டணும்னு சொன்னது."

"நீங்க சொன்னீங்க. இங்க ஊரே எங் கதவு முன்னாடி வந்து நிக்குது. அரைக் கரை வடக்கே போயிடுச்சு, மறிச்சே ஆவணும்னு ஒரு டிராக்டரு கல்லு கொண்டாந்து நிறுத்திட்டாங்க. சீரு எம் பேருல வந்ததுல்ல, நான் சரின்னா கொட்டிடுவாங்க."

அவங்க வூட்டுக்காரர் குரல் கேட்டுச்சு. "வந்த சீர வுட்டுட்டு நிப்பியாடி? கொட்டச் சொல்லுடி!" இன்னும் நாலஞ்சு பேர் சேந்து கத்தினாங்க. அந்த டிராக்டர் கல்லைக் கவுத்தா ஆறாவது ஊர், அப்புறம் ஏழாவது ஊர், அப்புறம் இன்னொருத்தன் வந்து அதே முதல் பக்கத்தை டைப் அடிப்பான். நான் அரியலூர்ல வெயில்ல நிக்கிறேன். என் கையெழுத்தால அங்க ஒரு கல்லையும் புடிச்சு நிறுத்த முடியாது. அக்கா, அக்கான்னு கூப்பிட்டேன். அவங்க போனைக் கையில வச்சுக்கிட்டே ஊரைப் பாத்துத் திரும்பிட்டாங்க போல.

"எங்கடா போவுது?" ஏலத்துல கத்துற அதே குரல். "எம் மவ வூட்டுக்குத்தானடா போவுது! போவட்டும்!"

கூச்சல் அடங்குச்சு. டிராக்டர் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் எனக்கு அரியலூர்ல கேட்டுச்சு.